உறக்கமும் கடைவீதியும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் வழியே ஒரு வரலாறு

சென்னையிலிருந்து தெற்கே இரவுப் பேருந்தில் செல்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், நள்ளிரவை ஒட்டி, பேருந்து ஓர் உணவகத்தின் முன் நிற்கும். "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்பிடுறவங்க சாப்பிடலாம்" என்று ஒருவர் பேருந்தின் தகட்டைத் தட்டிக்கொண்டே குரல் கொடுப்பார். ஒலிபெருக்கியில் பாட்டு உரக்க ஓடும். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பயணி இறங்குவார். பகலில் ஊர்க் கடையில் நாலு முறை விலை கேட்டு வாங்குகிறவர்தான் அவர். இங்கே கேட்ட விலையைக் கொடுத்து ஒரு பிஸ்கட் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணாமல் ஏறி அமர்ந்துகொள்வார்.

அந்தப் பத்து நிமிடத்தில் மூளை அறிவியலின் இரண்டு கிளைகள் சந்திக்கின்றன. ஒன்று, மனிதர் எதை, எப்படி வாங்குகிறார் என்று ஆராய்வது. மற்றொன்று, மனிதருக்கு எவ்வளவு உறக்கம் வேண்டும், அது குறைந்தால் என்ன ஆகும் என்று ஆராய்வது. நெடுங்காலம் இவை தனித்தனியே வளர்ந்தன. கடந்த இருபது ஆண்டுகளில் இரண்டும் ஒரே மூளைப் பகுதிகளைச் சுட்டத் தொடங்கின. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றை விழுப்புரம், திண்டிவனம் வட்டார வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்கிறது.

கடிகாரத்துக்கு முந்திய இரவு

பழந்தமிழர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். நாளை ஆறு சிறுபொழுதாகவும் பிரித்தனர். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்னும் ஆறும் பத்துப் பத்து நாழிகை கொண்டவை. இன்றைய கணக்கில் யாமம் இரவு 10 மணி முதல் 2 மணி வரை. வைகறை 2 மணி முதல் 6 மணி வரை. இந்த வைகறைப் பொழுதைப் பின்னர் நெடுஞ்சாலையில் மீண்டும் சந்திப்போம்.

கோயில் வழக்கமும் உறக்கத்துக்கு இடம் கொடுத்தே அமைந்தது. அர்த்தசாமப் பூசை முடிந்ததும் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடித் துயில் எழுப்புவார்கள். பெரும்பாலான கோயில்களில் உச்சிக்காலப் பூசைக்குப் பின் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். நண்பகலில் ஓய்வு என்பது சோம்பலாகக் கருதப்படவில்லை. 'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்ற பழமொழி, உணவுக்குப் பின் வரும் தளர்ச்சி எல்லோருக்கும் இயல்பு என்பதை ஒப்புக்கொள்கிறது.

திண்டிவனம் என்ற பெயர் புளியமரக் காட்டைக் குறிக்கும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வர். சாலையோரப் புளியமர நிழலில் பகலில் வண்டியை அவிழ்த்துவிட்டு ஒரு தூக்கம் போடுவது வண்டிக்காரர் வழக்கம். இரவில் மணிலா மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டியில், நுகத்தடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு ஆட, வண்டிக்காரர் உறங்கிவிடுவார். மாடுகளுக்கு வழி தெரியும். அவர் உறங்கினாலும் வண்டி ஊர் போய்ச் சேரும்.

இதனால் அக்காலத்தில் எல்லோரும் நிம்மதியாக நெடுநேரம் உறங்கினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆப்பிரிக்காவிலும் பொலிவியாவிலும் மின்விளக்கு இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களின் உறக்கத்தை அளந்த ஓர் ஆய்வு 2015ல் வெளிவந்தது. அம்மக்கள் சராசரியாக உறங்கியது 5.7 முதல் 7.1 மணி நேரம்தான். முன்னோர் உறக்கத்தின் நீளத்தை விட, அது யார் கையில் இருந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. இருட்டும் வெயிலும் களைப்பும் உறக்கத்தை நிர்ணயித்தன. அதை விலை பேச ஆள் இல்லை.

தண்டவாளமும் மணியும்

ஓயாத இரவை இவ்வட்டாரத்துக்கு முதலில் கொண்டுவந்தது ரயில். விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை 1879ல் திறக்கப்பட்டது. காட்பாடி, மயிலாடுதுறை, திருச்சி வழித்தடங்களும் கூடி, விழுப்புரம் தென்னகத்தின் முக்கியச் சந்திப்புகளில் ஒன்றானது. ரயிலோடு சேர்ந்து நிமிடக் கணக்கும் வந்தது. அதுவரை ரயில்கள் பின்பற்றிய 'சென்னை நேரம்', இன்றைய இந்திய நேரத்தை விடச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது.

சந்திப்பு நிலையத்தில் ரயில் ஓட்டுநரும் கார்டும் எந்த நேரத்திலும் வேலைக்கு அழைக்கப்படலாம். அவர்களை வீடு தேடிச் சென்று எழுப்புவதற்கென்றே 'கால்பாய்' என்ற பணியாளர் இருந்தார். நள்ளிரவில் கதவைத் தட்டி, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிச் செல்வார். மனிதர் தாமாக விழிக்கும் நேரமும் வேலை கேட்கும் நேரமும் வேறு வேறு என்பதை இவ்வூரில் முதலில் உணர்ந்தவர்கள் ரயில்வே குடும்பத்தினர் எனலாம்.

விழிப்பை விற்ற பொருள்கள்

அடுத்து, விழித்திருக்க உதவும் பொருள்கள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்தன. முதலாவது மண்ணெண்ணெய். எண்ணெய் விளக்கை விட வெளிச்சம் தந்ததால் கடைகள் இருட்டிய பின்னும் திறந்திருக்க முடிந்தது.

இரண்டாவது தேநீர். இந்தியாவில் விளைந்த தேயிலையை இந்தியர்களையே குடிக்க வைப்பதற்கு, குறிப்பாக 1930களில், பெரும் பிரசாரம் நடந்தது. இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்கக் குழு ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் தேநீர் தயாரித்துக் காட்டியது, இலவசமாகக் கொடுத்தும் பழக்கியது. களைப்பு தீரும், சுறுசுறுப்பு வரும் என்பதே விளம்பரத்தின் சாரம். அதன் அறிவியல் காரணம் அப்போது தெரியாது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது நரம்பணுக்களின் ஏற்பிகளில் சென்று பொருந்தும்போது தூக்க உணர்வு உண்டாகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கும். களைப்பின் செய்திதான் தடைபடும்.

மூன்றாவது சினிமா. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் தொடங்கிய ஊர் ஊரான படக்காட்சியின் வழியில் பின்னர் டூரிங் டாக்கீஸ்கள் பெருகின. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நள்ளிரவு கடந்து கூட்டமாக நடந்து வீடு திரும்புவது கிராமத்து மகிழ்ச்சிகளில் ஒன்றாக இருந்தது.

நான்காவது மின்சாரம். 1956ல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1962ல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் தமிழகக் கிராமங்களுக்கு மின்கம்பிகள் வேகமாகச் சென்றன. பம்புசெட்டுகள் பெருகின. ஆனால் மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வந்தது. சில நாள் பகலில், சில நாள் நள்ளிரவில். கரும்புக்கும் நெல்லுக்கும் நீர் பாய்ச்ச விவசாயி கையில் டார்ச் விளக்கோடு இரவில் எழுந்து வயலுக்குப் போவார். மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. அதற்கான விலையை உறக்கத்தில் கொடுத்தார் என்றால் மிகையில்லை. மரக்காணம் உப்பளத் தொழிலாளரும் வெயிலுக்கு முன் வேலையை முடிக்க விடியலுக்கு வெகு முன்பே கிளம்புகிறவர்கள்தான்.

ஐந்தாவது தொலைக்காட்சி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ல் தொடங்கியது. 1993ல் தமிழில் தனியார் செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தது. தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமானதும் அதே 1993ல்தான். இரவு ஒன்பது மணிக்கு அடங்கிய வீடுகள், நாடகத் தொடர்களின் நேரத்துக்கு ஏற்ப உறங்கத் தொடங்கின. தொடரின் இடையே விளம்பரம் வந்தது. விளக்கும் தேநீரும் விழித்திருக்க வைத்தன. தொலைக்காட்சி விழித்திருந்தவரிடம் சரக்கையும் விற்றது.

மூளைக்குள் உறக்கம்

இதே நூற்றாண்டில்தான் உறக்கம் ஆய்வுப் பொருளானது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முறையாகப் பதிவு செய்து 1929ல் வெளியிட்டார். இன்று இ.இ.ஜி. என்று மருத்துவமனைகளில் வழங்குவது அதுவே. அதற்கும் முன்பு, முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய ஒரு மூளைக் காய்ச்சலில் சிலர் ஓயாமல் உறங்கினர், சிலர் உறக்கமே இன்றித் தவித்தனர். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ, ஹைபோதலாமஸ் பகுதியில் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் தனித்தனி இடங்கள் இருப்பதாகக் கண்டார். உறக்கம் என்பது மூளை வெறுமனே அணைந்து கிடப்பது என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் கண்டது. 1953ல் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் உறக்கத்தின் நடுவே கண்கள் வேகமாக அசையும் கட்டத்தைக் கண்டறிந்தனர். கனவுகள் மிகுதியாக வருவது அப்போதுதான்.

1982ல் அலெக்சாண்டர் போர்பேலி உறக்கத்துக்கு இரண்டு காரணிகளைச் சொன்னார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூடச் சேரும் உறக்க அழுத்தம். மற்றொன்று, உடலின் உள் கடிகாரம். இரண்டும் ஒத்துப்போகும்போது நல்ல உறக்கம் வருகிறது. பகலில் எத்தனை மணி நேரம் படுத்தாலும் இரவுப் பணியாளருக்கு உறக்கம் நிறையாமல் போவது, கடிகாரம் ஒத்துழைக்காததால்.

இந்த உள் கடிகார ஆய்வில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் தலைமையில் உயிரியல் கடிகார ஆய்வு வளர்ந்தது. குகை வௌவால்கள் பொழுதை எப்படி அறிகின்றன என்று அக்குழு ஆராய்ந்தது. வெளிச்சம் எட்டாத இருட்டில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவாலும், கூட்டத்தினர் போய் வருவதைக் கொண்டே தன் பொழுதைச் சரிசெய்துகொண்டது. இது 1981ல் வெளியான முடிவு. ஒளியும் ஒலியும் கடிகாரமும் எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் வசதியும் அங்கே அமைக்கப்பட்டது. உயிரணுக்களில் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017ல் நோபல் பரிசு கிடைத்தது.

வாங்கும் மூளை

கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் முகம் பார்த்து மனத்தை அறிய முயன்றது மிகப் பழைய கலை. செஞ்சி வாரச்சந்தையில் விடியற்காலையில் ஆடு விலை பேசுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வாங்குகிறவர் ஆசையை மறைப்பார், விற்கிறவர் அவசரத்தை மறைப்பார். மூளைக்கு உள்ளேயே பார்க்கும் வழி 1990களில் வந்தது. ஜப்பானிய அறிஞர் சைஜி ஓகாவா, இரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைக் காந்தப்புலத்தால் அறிந்து, எந்த மூளைப் பகுதி அதிகம் இயங்குகிறது என்று காட்டும் முறைக்கு 1990ல் வழி வகுத்தார்.

2004ல் அமெரிக்காவில் ரீட் மாண்டேக் குழுவினர் இரண்டு பெயர்பெற்ற கோலா பானங்களைக் கொண்டு ஆய்வு நடத்தினர். பெயர் தெரியாமல் குடித்தபோது சுவை பற்றிய விருப்பமே மூளையில் தெரிந்தது. பெயரைக் காட்டியபோது, அவற்றில் ஒரு பானத்துக்கு மட்டும் நினைவோடு தொடர்புடைய பகுதிகளும் சேர்ந்து இயங்கின. நாக்கு சொல்வதோடு விளம்பரம் சேமித்து வைத்த நினைவும் கலந்துவிடுகிறது.

2007ல் பிரையன் நட்சன் குழுவினர் ஒரு படி மேலே சென்றனர். பொருளின் படத்தைக் காட்டினர், பின்பு விலையைக் காட்டினர், பின்பு வாங்குகிறீர்களா என்று கேட்டனர். பிடித்த பொருளைக் கண்டதும், பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதி தூண்டப்பட்டது. விலை அதிகம் என்று பட்டபோது இன்சுலா என்ற பகுதி இயங்கியது. எளிமையாகச் சொன்னால், ஒன்று 'வேண்டும்' என்கிறது, மற்றொன்று 'விலை உறுத்துகிறது' என்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இன்சுலா வலியிலும் அருவருப்பிலும் இதயத் துடிப்பை உணரும்போதும் இயங்குகிறது. ஒரு பகுதி ஒளிர்வதைக் கண்டு ஒருவர் நினைப்பதை அப்படியே படித்துவிட முடியாது. மூளையில் 'வாங்கும் பொத்தான்' எதுவும் இல்லை.

உறக்கம் குறையும்போது கணக்கு மாறுகிறது

இரண்டு கிளைகளும் சந்தித்த ஆய்வு 2007ல் சிங்கப்பூரில் நடந்தது. வினோத் வெங்கட்ராமன், மைக்கேல் சீ ஆகியோரும் சக ஆய்வாளர்களும், இரவெல்லாம் விழித்திருந்தவர்களைப் பணம் சார்ந்த முடிவுகள் எடுக்கச் சொல்லி மூளையைப் பதிவு செய்தனர். உறக்கம் இழந்தவர்கள் ஆபத்து மிகுந்த தேர்வைச் செய்தபோது நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் வழக்கத்தை விட அதிகம் இயங்கியது. இழப்பு வந்தபோது இன்சுலாவின் எதிர்வினை மங்கியது. இலாப ஆசை பெரிதாகி, நட்டத்தின் உறுத்தல் சிறிதாகியது.

2013ல் மேத்யூ வாக்கர் குழுவினர் 23 பேரிடம் செய்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஓர் இரவு உறங்காதவர்களுக்கு உணவுப் படங்களைக் காட்டியபோது, சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதிகள் தளர்ந்தன. உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா கூடுதலாக இயங்கியது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்கள் மீது ஆசை கூடியது. உடலின் இயக்குநீர்களும் இதற்கு உடந்தை. 2004ல் 12 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், இரண்டு இரவு வெறும் 4 மணி நேரம் படுத்தவர்களுக்கு, 10 மணி நேரம் படுத்தபோது இருந்ததை விட, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது.

இவை சிறு எண்ணிக்கையினரிடம் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவை. ஆய்வுக்கூடப் பணயமும் நெடுஞ்சாலைப் பிஸ்கட்டும் ஒன்றல்ல. என்றாலும், அரைத் தூக்கத்தில் இறங்கிய பயணி ஏன் விலையைக் கேட்கவில்லை என்பதற்கு இதில் ஒரு நியாயமான விளக்கம் இருக்கிறது. அவர் ஏமாளி அல்ல. 'விலை உறுத்துகிறது' என்று சொல்ல வேண்டிய குரல் அந்த நேரத்தில் தாழ்ந்திருக்கிறது.

இதே பார்வையில் விளைபொருள் சந்தையையும் பார்க்கலாம். 1933ன் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் வழியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன. மணிலா பருவத்திலும் நெல் பருவத்திலும் மூட்டைகளை இரவே கொண்டுவந்து, அவற்றின் மேலேயே படுத்துக் காத்திருக்கும் விவசாயிகள் உண்டு. மறுநாள் விலை சொல்லப்படும்போது அவர்கள் உடல் 'எப்படியாவது முடிந்தால் போதும்' என்ற நிலையில் இருக்கும். எடைக்கும் மறைமுக ஏலத்துக்கும் விதி செய்த சட்டத்தின் அருமை இங்கே புரிகிறது. களைத்தவரின் கணக்கு தவறும் என்பதை ஏற்றுக்கொண்டு, அவர் சார்பில் நடைமுறை கணக்குப் போடுகிறது.

சென்னை ஆய்வு சொன்ன எதிர்பாராத செய்தி

உறக்கம் குறைந்தால் தீமை என்றால், கூடுதலாக உறங்கச் செய்தால் நன்மை வர வேண்டும் அல்லவா? இதைச் சோதிக்கப் பெத்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகியோர் சென்னையில் குறைந்த வருவாய் உள்ள 452 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2021ல் வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் ஒரு மாதம் கணினியில் தரவு பதியும் வேலை பார்த்தனர். கையில் அணியும் கருவி உறக்கத்தை அளந்தது.

முதல் முடிவே திகைக்க வைத்தது. அவர்கள் படுக்கையில் கழித்தது சுமார் 8 மணி நேரம். உறங்கியது 5.5 மணி நேரம் மட்டுமே. இரவில் 30 முறைக்கு மேல் விழிப்புத் தட்டியது. வெப்பம், கொசு, சத்தம், நெருக்கடியான இடம், மனக்கவலை ஆகியவை நகர்ப்புற ஏழைகளின் இரவை இப்படித் துண்டாக்குகின்றன. அறிவுரை, உறங்க உதவும் பொருள்கள், சிலருக்கு ஊக்கத்தொகை ஆகியவற்றால் இரவு உறக்கத்தை 27 நிமிடம் கூட்ட முடிந்தது. ஆனால் வேலைத்திறனிலோ அறிவுத்திறனிலோ முடிவெடுப்பதிலோ மனநலத்திலோ கண்டறியக்கூடிய முன்னேற்றம் இல்லை. வல்லுநர்களின் கணிப்பு பொய்த்தது.

அதே ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பிற்பகலில் பணியிடத்திலேயே அரை மணி நேரம் உறங்க இடம் தரப்பட்டது. அமைதியான இடத்தில் கிடைத்த அந்தச் சிறு உறக்கம் வேலைத்திறனையும் மனநலத்தையும் அறிவுத்திறனையும் உயர்த்தியது. வேலை செய்த நேரம் மட்டும் சற்றுக் குறைந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் தெரிகின்றன. துண்டு துண்டான உறக்கத்தில் மேலும் அரை மணி நேரத்தைச் சேர்ப்பது போதாது. உறக்கத்தின் தரம் முக்கியம். 'சீக்கிரம் படு' என்று சொல்லும் அறிவுரை, கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் வழி சொல்லாதவரை பாதி அறிவுரைதான். இரண்டாவது, சோம்பல் என்று நாம் ஒதுக்கிய மதிய உறக்கத்துக்குத் தகுந்த மரியாதை உண்டு. தொண்டனுக்கும் உண்டு என்று பழமொழி அன்றே சொன்னதை அளவுகோல் இன்று வழிமொழிந்திருக்கிறது.

வைகறையின் ஆபத்து

திண்டிவனம் சாலைகள் பிரியும் இடம். சென்னையிலிருந்து வரும் வாகனங்கள் இங்கிருந்து விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை நோக்கிப் பிரிகின்றன. ஆத்தூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிகளில் இரவு முழுதும் வண்டிகள் ஓய்வதில்லை. உறக்க அழுத்தமும் உள் கடிகாரமும் சேர்ந்து மூளையை மிகவும் இழுக்கும் நேரம் விடியலுக்கு முந்தியது. முன்னோர் வைகறை என்று பெயரிட்ட அதே 2 முதல் 6 மணி வரை. பிற்பகலில் இதைவிடச் சிறிய ஒரு சரிவு வரும்.

அந்த நேரத்தில் வருவது குறுந்தூக்கம். சில நொடிகளே நீடிக்கும். கண் திறந்திருக்கலாம், மூளை உறங்கிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 3 நொடியில் 66 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வண்டிக்காரர் உறங்கினால் மாடு வழி பார்த்தது. லாரிக்கு வழி தெரியாது.

1961ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இடைவேளை, இரு பணிகளுக்கிடையே குறைந்தது 9 மணி நேர ஓய்வு என்று வகுத்தது. சட்டத்தை எழுதியவர்களுக்கு மூளைப் படம் கிடையாது, தொழிலாளரின் அனுபவம் தெரியும். ஆனால் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காசு என்ற நிலையில் விதி பின்னுக்குப் போகிறது. நாம் கைப்பேசியில் 'நாளைக்கே வேண்டும்' என்று பொருளைக் கேட்கும்போது, அந்த அவசரத்தின் ஒரு பகுதி இந்தச் சாலையில் ஓர் ஓட்டுநரின் கண்ணிமை மீது ஏறுகிறது. இரவில் காவலர்கள் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லித் தேநீர் கொடுப்பது நல்ல செயல். ஆயினும் தேநீர் செய்தியைத் தடுக்குமே தவிரக் களைப்பைத் தீர்க்காது. கண் அயர்ந்து வந்தால் வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிடமாவது உறங்குவதே சரியான வழி.

உறங்காத கடைவீதி

2019ல் தமிழக அரசு, பத்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்தது. 2022ல் அது நீட்டிக்கப்பட்டது. ஆனால் உண்மையில் உறங்காத கடை நம் தலையணைக்கு அருகில் இருக்கிறது. நள்ளிரவில் தொடங்கும் தள்ளுபடி, 'இன்னும் 10 நிமிடமே' என்று ஓடும் எண்கள், ஒரே தொடுதலில் பணம் செலுத்தும் வசதி ஆகியவை எல்லாம் சீர்தூக்கும் பகுதி தளர்ந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்கின்றன. சந்தையில் ஆடு வாங்கும்போது கையில் தாளை எண்ணினோம். எண்ணும் அந்தச் சில நொடிதான் மறுயோசனைக்குக் கிடைத்த இடம்.

இதில் மிகவும் கவலைக்குரியவர்கள் மாணவர்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்கு 7 மணி நேரமோ அதற்கு மேலோ உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. வளரிளம் பருவத்தில் உள் கடிகாரமே தாமதமாகிறது என்பதை மேரி கார்ஸ்கடன் போன்றோர் நிறுவியுள்ளனர். இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குத் தூக்கம் வராததும், காலை ஐந்து மணிக்கு எழ முடியாததும் திமிர் அல்ல. அன்று படித்தது நினைவில் நிலைபெறும் வேலை உறக்கத்தில்தான் நடக்கிறது. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழித்திருப்பவர், படித்ததைச் சேமிக்கும் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்.

நான் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், மதிய உணவுக்குப் பின் வரும் பாடவேளையில் தூங்கி விழும் மாணவர்களைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். அவர்களில் சிலர் விடியலில் மோட்டார் போடத் தந்தையோடு வயலுக்குப் போனவர்கள். சிலர் முதல் பேருந்தைப் பிடிக்க நாலரை மணிக்கு எழுந்தவர்கள். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்றைய மாணவருக்கு இவ்வரலாறு தரும் பயன் எளியது. இரவு பத்து மணிக்கு மேல் எதையும் வாங்குவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பிடித்த பொருளைக் கூடையில் போட்டுவிட்டு, காலையில் பல் துலக்கிய பின் விலையைப் பார்க்கலாம். கைப்பேசியைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கலாம். வீட்டில் கொசுவலைக்கும் காற்றுக்கும் செய்யும் செலவைப் படிப்புச் செலவாகவே கருதலாம். பேருந்து நள்ளிரவில் நின்றால் இறங்கிக் காலாற நடக்கலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கலாம். ஏறுவதற்கு முன் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கலாம்.